சேப்பல் தெருவின் 161 ஆண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப் போருக்கு ஒரே தெருவிலிருந்து 161 பேர் சென்றனர் என்னும் செய்தி இங்கிலாந்தின் ஆல்ட்ரிங்கம் நகரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தவறாமல் சொல்லப்படுகிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த வாழ்க்கை, கணக்கு, கூலி, சாவு ஆகியவற்றைப் பற்றி எழும் வினாக்களுக்கு இங்கே விடையளிக்கப்பட்டுள்ளது. ஒரு தெருவின் படைவீரர்களைத் தேடிக் கண்டறியும் முறையைக் கேட்போருக்கும் சில வினாக்கள் ஒதுக்கப்பட்டுள்ளன.

இது எந்தத் தெரு? எங்கே இருந்தது?

மான்செஸ்டருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஆல்ட்ரிங்கம், 1290-இலேயே சந்தை உரிமை பெற்ற பழைய ஊர். அப்போது அது செஷயர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1849-இல் மான்செஸ்டரிலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்தபின், நகரப் புகையை விட்டு விலகி வாழ விரும்பிய பஞ்சு வணிகர்களும் அலுவலர்களும் இங்கும் அருகிலுள்ள போடனிலும் வீடு கட்டிக் குடியேறினர். சந்தை ஊர் புறநகராக மாறியது. அந்தப் பெரிய வீடுகளுக்குத் துணி வெளுக்கவும், தோட்டம் பேணவும், கரி சுமக்கவும், செங்கல் அடுக்கவும் ஆள் வேண்டியிருந்தது. அவ்வாறு உழைத்தவர்கள் குடியிருந்த நெருக்கமான சில தெருக்களில் ஒன்றுதான் சேப்பல் தெரு. ஒரே புறநகரின் செல்வமும் வறுமையும் நடந்து போகும் தொலைவுக்குள் இருந்தன என்பதை மனத்தில் கொண்டால்தான் பின்வரும் செய்திகளின் பொருள் விளங்கும்.

161, 60, 29 ஆகிய எண்கள் எவற்றைக் குறிக்கின்றன?

தெருவில் இருந்த வீடுகள் 60. அவற்றில் வாழ்ந்த மக்கள் ஏறத்தாழ 400 பேர். அவர்களுள் படையில் சேர்ந்தவர்கள் 161 பேர். உயிரிழந்தவர்கள் 29 பேர். வீட்டுக்குச் சராசரியாக இரண்டு பேருக்கு மேல் சென்றுள்ளனர். மொத்த மக்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் சென்றுள்ளனர். பெண்களையும் சிறுவரையும் முதியவரையும் கழித்துவிட்டுப் பார்த்தால், உடல் வலிமையுள்ள ஆண் என்று சொல்லத்தக்க ஒருவரும் அங்கே எஞ்சியிருக்க வாய்ப்பில்லை என்றே கருத வேண்டியுள்ளது.

இறப்புக் கணக்கும் கவனிக்கத்தக்கது. பிரிட்டிஷ் படையில் பணியாற்றியவர்களை ஒட்டுமொத்தமாக எடுத்துக்கொண்டால், எட்டு அல்லது ஒன்பது பேருக்கு ஒருவர் திரும்பி வரவில்லை. சேப்பல் தெருவிலோ ஐந்தரைப் பேருக்கு ஒருவர் திரும்பவில்லை. அங்கிருந்து சென்றவர்கள் பெரும்பாலும் முன்வரிசையில் நிற்கும் காலாட்படைக்குச் சென்ற கூலித் தொழிலாளர் என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். பட்டறைத் திறனும் எழுத்து வேலையும் அறிந்தவருக்குப் பின்வரிசையில் இடம் கிடைப்பது எளிது. மண்வெட்டி மட்டும் பிடிக்கத் தெரிந்தவனுக்கு முன்வரிசைப் பதுங்குகுழிதான் கிடைக்கும்.

ஒரே தெருவிலிருந்து இத்தனை பேர் செல்லக் காரணம் என்ன?

நாட்டுப்பற்று என்ற ஒற்றைச் சொல்லில் விடை சொல்லி முடிப்பது வழக்கம். நாட்டுப்பற்று இல்லை என்று இங்கே வாதிடவில்லை. ஆனால் அது மட்டுமே காரணமாயின், அகன்ற தோட்டங்களுடன் கூடிய போடன் வீதிகளும் இதே விகிதத்தில் ஆள் அனுப்பியிருக்க வேண்டும்.

சேப்பல் தெருவில் அயர்லாந்திலிருந்து வந்த குடும்பங்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் மிகுதியாக வாழ்ந்தனர். வேலை தேடி வந்த தனி ஆண்கள் இரவுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துத் தங்கும் விடுதிகளும் இருந்தன. செஷயரின் காய்கறித் தோட்டங்களிலும் கட்டட வேலைகளிலும் பருவத்துக்குப் பருவம் கிடைக்கும் கூலியே பலருக்குப் பிழைப்பு. இத்தகைய தெருக்களுக்குப் படை ஏற்கெனவே அறிமுகமானது. 1908-இல் அமைக்கப்பட்ட பகுதிநேரப் படைகளான சிறப்புச் சேமப்படையிலும் பிரதேசப் படையிலும் சேர்ந்தால் ஆண்டுதோறும் பயிற்சிக் காலத்தில் ஊதியமும் சாப்பாடும் கிடைத்தன. வேலையில்லாக் காலத்தில் அது சிறிய தொகை அன்று. ஆகவே 1914 ஆகஸ்டு 4-ஆம் நாள் போர் அறிவிக்கப்பட்டபோது இத்தகைய தெருக்களில் சிலர் முன்னாள் வீரர்களாகவும் சிலர் சேமப்படையினராகவும் இருந்தனர். அவர்கள் புதிதாக முடிவெடுக்கவே தேவையில்லை, அழைப்பு வந்ததும் போக வேண்டியவர்கள்.

கூலிக் கணக்கும் உண்டு. சிப்பாய்க்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் ஊதியம். உண்ணவும் உடுக்கவும் அரசு தரும். 1914 அக்டோபர் முதல் மனைவிக்கு வாரம் 12 ஷில்லிங் 6 பென்ஸ் குடும்பப்படி கிடைத்தது (அன்று 12 பென்ஸ் ஒரு ஷில்லிங்). அதில் 3 ஷில்லிங் 6 பென்ஸ் சிப்பாயின் ஊதியத்திலிருந்தே பிடிக்கப்பட்டது. பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் படி கூடியது. மழை பெய்தால் கூலி இல்லை என்ற வாழ்க்கையிலிருந்து, வாரந்தோறும் தவறாமல் வரும் பணத்துக்கு ஒரு குடும்பம் மாறுகிறது. இவை அனைத்துக்கும் மேல், அண்ணன் போனான், எதிர்வீட்டுக்காரன் போனான், நான் மட்டும் எப்படி இருப்பது என்ற கூட்டு மனநிலை சுவர் ஒட்டிய 60 வீடுகளில் எவ்வளவு விரைவாகப் பரவியிருக்கும் என்பதைத் தெருவில் வளர்ந்த எவரும் உணர்வர்.

161 பேரும் தாமாக முன்வந்தவர்கள்தாமா?

அத்தெருவின் பெருமையைப் பேசுவோர் அவ்வாறே சொல்கின்றனர். இதில் சற்று நிதானம் தேவை. 1916 ஜனவரியில் நிறைவேறிய படைப்பணிச் சட்டம் முதலில் மணமாகாத ஆண்களையும், அதே ஆண்டு மே மாதத்தில் திருத்தப்பட்டபின் மணமானவர்களையும் கட்டாயப் பணிக்கு உட்படுத்தியது. அதற்கு முன்பே, 1915 இலையுதிர்காலத்தில், படைக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பிலிருந்த டார்பி பிரபுவின் திட்டப்படி ஆட்கள் வீடு வீடாகச் சென்று, இப்போது சேருகிறாயா, அழைக்கும்போது வருவதாக ஒப்பமிடுகிறாயா என்று கேட்டனர். கதவைத் தட்டிக் கேட்டபின் தரப்படும் ஒப்புதலை முழுத் தன்னார்வம் என்பதா, பாதி வற்புறுத்தல் என்பதா என்பது அவரவர் தீர்ப்பு.

தெருவின் பெரும்பாலோர் சட்டம் வருமுன்னரே சென்றிருக்கக்கூடும். ஆனால் 1914-இல் 14 வயதுச் சிறுவனாக இருந்தவன் 1918-இல்தான் 18 வயதை எட்டினான். அவனுக்குத் தன்னார்வம் காட்ட வாய்ப்பே வரவில்லை. நான்கு ஆண்டுகளில் ஒரு தெருவின் சிறுவர்களும் வளர்கிறார்கள் என்பதைப் பெருமைப் பேச்சுகள் மறந்துவிடுகின்றன.

அவர்கள் அனைவரும் ஒரே அணியில் நின்று போரிட்டார்களா?

இல்லை. நண்பர் பட்டாலியன்களுடன் சேப்பல் தெருவைக் குழப்பிக்கொள்வதால் இந்த எண்ணம் வருகிறது. ஒன்றாகச் சேர்ந்தால் ஒன்றாகவே பணியாற்றலாம் என்று வாக்களித்து ஊர்வாரியாகவும் தொழில்வாரியாகவும் திரட்டப்பட்ட அணிகள் அவை. அதன் விளைவு 1916 ஜூலை 1-ஆம் நாள் பிரான்சின் சோம் போர்முனையில் வெளிப்பட்டது. அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் மாண்டோ காயமுற்றோ காணாமலோ போயினர். அவர்களுள் இறந்தவர்கள் 19,240 பேர். ஆக்ரிங்டன் நகரின் அணி செர் என்னும் சிற்றூரை நோக்கி முன்னேறியபோது, ஏறத்தாழ 700 பேரில் 580-க்கும் மேற்பட்டோர் மாண்டோ காயமுற்றோ காணாமலோ போயினர். ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் இழவு வீடானது.

சேப்பல் தெருவின் துயரம் வேறு வகையானது. பலர் செஷயர் ரெஜிமெண்டில் இருந்தனர். மற்றவர் வேறு வேறு பிரிவுகளில் சிதறியிருந்தனர். செஷயர் ரெஜிமெண்டே ஒரே இடத்தில் நிற்கவில்லை. அதன் முதல் பட்டாலியன் 1914 ஆகஸ்டு 24-ஆம் நாள் பெல்ஜியத்தின் ஓட்ரினி என்னும் ஊரருகே பின்வாங்கும் படையைக் காக்க நின்று, ஏறத்தாழ ஆயிரம் பேரில் 800 பேரை ஒரே நாளில் இழந்தது. எட்டாம் பட்டாலியன் துருக்கியின் காலிப்போலியில் இறங்கி, பின்னர் இன்றைய ஈராக்கான மெசபடோமியாவுக்குச் சென்று, பாக்தாதை நோக்கிய படையெடுப்பில் பங்குகொண்டது. 15, 16-ஆம் பட்டாலியன்கள் பர்க்கன்ஹெட் நகரில் திரட்டப்பட்ட குள்ளர் அணிகள்: உயரம் போதாது என்று திருப்பியனுப்பப்பட்ட, 5 அடி 3 அங்குலத்துக்கும் குறைவான ஆண்களுக்காகவே அவை தொடங்கப்பட்டன. வறுமையில் வளர்ந்த தொழிலாளர் உயரமாக வளரவில்லை என்பதை இராணுவமே அளவுகோல் வைத்து ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி அது.

ஆகவே சேப்பல் தெருவின் 29 சாவுகளும் ஒரே காலையில் வந்தவை அல்ல. 1914 முதல் 1918 வரை, இன்று இந்த வீடு, அடுத்த மாதம் அந்த வீடு என்று தவணை முறையில் வந்தவை. இரண்டில் எது கொடியது என்று அளக்க முயல்வது வீண் வேலை.

சாவுச் செய்தி எவ்வாறு வந்தது?

தந்தி என்றாலே சாவுச் செய்திதான் என்று நம் பாட்டிமார் அஞ்சியது போல, அக்கால இங்கிலாந்திலும் தந்திச் சிறுவனைக் கண்டு மக்கள் அஞ்சினர். ஆனால் தந்தி பெரும்பாலும் அதிகாரிகளின் இல்லங்களுக்கே சென்றது. சாதாரணச் சிப்பாயின் வீட்டுக்கு அஞ்சலில் ஓர் அச்சுப் படிவம் வந்தது. பி.104-82 என்பது அதன் எண். வருத்தம் தெரிவிக்கும் வாசகம் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருக்கும். படை எண், பதவி, பெயர், பிரிவு, நாள், இடம் ஆகியவற்றுக்கான கோடுகளை மட்டும் ஓர் எழுத்தர் பேனாவால் நிரப்பியிருப்பார். இடம் என்ற கோட்டில் பெரும்பாலும் ‘பிரான்சில்’ அல்லது ‘போர்முனையில்’ என்பதற்கு மேல் எதுவும் இருக்காது.

மன்னர் என்ன சொன்னார்? எப்போது?

1919-இல் அத்தெருவில் வீரர்களின் பெயர்ப்பலகை நிறுவப்பட்டபோது, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ‘இங்கிலாந்திலேயே வீரம் மிகுந்த சின்னஞ்சிறு தெரு’ என்று அதைப் பாராட்டினார். இன்றளவும் தெருவின் அடைமொழியாக நிற்பது அதுவே.

அந்தப் பாராட்டால் தெருவுக்கு என்ன கிடைத்தது என்பது அடுத்து எழ வேண்டிய வினா; அதை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. வீரர்கள் வாழத் தகுந்த நாட்டை உருவாக்குவோம் என்று தலைமையமைச்சர் லாய்டு ஜார்ஜ் 1918 நவம்பரில் வுல்வர்ஹாம்ப்டனில் பேசினார். 1919-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் 5 இலட்சம் வீடுகளை இலக்காகக் கொண்டது. கட்டி முடிக்கப்பட்டவை ஏறத்தாழ 2,13,000 மட்டுமே. சேப்பல் தெருவின் ஆண்கள் விட்டுச் சென்ற அதே நெரிசலான வீடுகளுக்கே திரும்பினர். இகழப்பட்ட தெரு ஒன்றைப் புகழ்வதற்கு ஒரு வரி போதும், அதைப் பழுது பார்க்கப் பணம் வேண்டும். முதலாவது உடனே வந்தது.

காயமுற்றோருக்கு ஊரில் மருத்துவ வசதி இருந்ததா?

நகருக்கு அருகில் ஸ்டாம்ஃபோர்டு பிரபு குடும்பத்தின் டன்ஹம் மாசி மாளிகை 1917 ஏப்ரல் முதல் 1919 தொடக்கம் வரை படை மருத்துவமனையாக இயங்கியது. 282 வீரர்கள் அங்கே சிகிச்சை பெற்றனர். மாளிகையின் பெரிய வரவேற்புக்கூடமே நோயாளர் அறையாக மாற்றப்பட்டு, அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் பிரிட்டிஷ் படை கைப்பற்றிய நகரின் நினைவாகப் பாக்தாத் என்று பெயரிடப்பட்டது. ஆனால் எந்த மருத்துவமனையில் இடம் இருக்கிறதோ அங்கே காயமுற்றோர் அனுப்பப்பட்டதால், ஆல்ட்ரிங்கம் ஆள் ஸ்காட்லாந்தில் படுத்திருப்பதும், வேற்று மாவட்டத்து ஆள் டன்ஹம் மாசியில் படுத்திருப்பதும் இயல்பே.

தெருவின் பெண்களைப் பற்றி ஏன் எதுவும் சொல்லப்படுவதில்லை?

பெயர்ப்பலகையில் ஆண்களின் பெயர் மட்டுமே இருப்பதால்தான். ஆனால் 161 ஆண்கள் போன பிறகு அத்தெருவை நடத்தியவர்கள் பெண்களே. அவர்களுக்கு அரசு கொடுத்த குடும்பப்படி ஒரு நிபந்தனையுடன் வந்தது. 1914 இறுதியில், படைவீரர் மனைவியரின் நடத்தையைக் கண்காணித்து, குடி, ஒழுக்கக்கேடு முதலிய குற்றங்களுக்காகப் படியை நிறுத்த வகை செய்யும் அறிவுறுத்தல்கள் காவல்துறைக்கு அனுப்பப்பட்டன. கணவன் பதுங்குகுழியில் நிற்கிறான்; மனைவி மாலையில் ஒரு கோப்பை பீர் குடித்தாளா என்று காவலர் விசாரிக்கலாம். இந்தக் கண்காணிப்பு பெரிய வீடுகளின் வாசலில் நிற்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

போர் தொடங்கியபோது கைம்பெண் ஓய்வூதியம் வாரம் 5 ஷில்லிங் மட்டுமே. பொதுமக்களின் எதிர்ப்புக்குப் பின் அது படிப்படியாக உயர்த்தப்பட்டது.

இறந்தவரின் குடும்பத்துக்கு என்ன வழங்கப்பட்டது?

ஏறத்தாழ 12 செண்டிமீட்டர் விட்டமுள்ள வெண்கல வட்டத்தகடு ஒன்றும், ஒரு நினைவுப் பட்டயமும் வழங்கப்பட்டன. தகட்டில் பிரிட்டானியா தேவி மாலை ஏந்தி நிற்கிறாள், காலடியில் சிங்கம், ஓரத்தில் ‘விடுதலைக்காகவும் மானத்துக்காகவும் உயிர்நீத்தான்’ என்னும் வாசகம், ஒரு சிறு செவ்வகக் கட்டத்துக்குள் இறந்தவரின் பெயர் புடைப்பெழுத்தில். பதவி குறிக்கப்படவில்லை, சாவில் அனைவரும் சமம் என்பதால் தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே தகடு. எட்வர்டு கார்ட்டர் பிரஸ்டன் என்னும் லிவர்பூல் சிற்பி போட்டியில் வென்று வடிவமைத்தது அது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தகடுகள் வார்க்கப்பட்டன. பென்னிக் காசைப் பெரிதாக்கியது போல் இருந்ததால் ‘செத்தவன் காசு’ என்று மக்கள் அதற்குக் கசப்போடு பெயர் வைத்தனர்.

உடல் வரவில்லை. இறந்தவர்களைத் தாயகத்துக்குக் கொண்டுவருவதில்லை என்பது பிரிட்டிஷ் அரசின் உறுதியான முடிவு. 1917-இல் நிறுவப்பட்ட போர்க்கல்லறை ஆணையம் ஒரே அளவிலான கற்களை நட்டது. கல்லின் அடியில் குடும்பத்தார் விரும்பும் வாசகத்தைப் பொறிக்கலாம், 66 எழுத்துகளுக்குள், எழுத்துக்கு மூன்றரை பென்ஸ் என்று கட்டணம் கேட்கப்பட்டது. 66 எழுத்துகளும் நிரம்பினால் 19 ஷில்லிங் 3 பென்ஸ். போர்க்காலத் தொடக்கத்தில் ஒரு மனைவி பெற்ற ஒன்றரை வாரப் படி. கட்டணம் பிற்பாடு கட்டாயமில்லை என்று தளர்த்தப்பட்டது. எனினும் முதலில் வந்த கடிதத்தைப் படித்துவிட்டு, நமக்கு எதற்கு என்று மடித்து வைத்த தாய்மார் எத்தனை பேரோ.

ஒரு தெருவின் வீரர்களை ஆவணங்களில் தேடுவது எப்படி?

முதலில் ஒரு பெரும் தடையை அறிந்துகொள்ள வேண்டும். சாதாரணச் சிப்பாய்களின் பணி ஆவணங்கள் இலண்டன் ஆர்ன்சைடு தெருவிலிருந்த போர் அலுவலகக் கிடங்கில் வைக்கப்பட்டிருந்தன. 1940 செப்டம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் கிடங்கு எரிந்தது. ஏறத்தாழ 60 விழுக்காடு அழிந்தது. எஞ்சியவை ஓரம் கருகி, தீயணைப்பு நீரில் நனைந்தவை. ஆகவே ஐந்து பேரைத் தேடினால் இருவருக்கு மட்டுமே பணிக்கோப்பு கிடைக்கும் என்ற எதிர்பார்ப்புடன் தொடங்க வேண்டும்.

தெருவைக் கொண்டு தேடுவோருக்கு மிகச் சிறந்த ஆவணம் 1918-ஆம் ஆண்டின் ஊரில் இல்லாத வாக்காளர் பட்டியல். அந்த ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் படையில் இருந்த 19 வயது நிரம்பிய ஆண்களுக்கு வாக்குரிமை தந்தது. குடும்பத்தார் விவரம் தெரிவிக்க வேண்டியிருந்தது. அதனால் ஒரே வரியில் வீட்டு எண், தெரு, பெயர், படை எண், பதவி, பிரிவு ஆகிய அனைத்தும் கிடைக்கின்றன. மற்றப் படை ஆவணங்கள் எல்லாம் பெயரிலிருந்து முகவரிக்குப் போகின்றன. இது ஒன்றுதான் முகவரியிலிருந்து பெயருக்கு வருகிறது. ஆனால் 1918-க்கு முன் இறந்தவர்கள் இதில் இருக்க மாட்டார்கள். இறந்தவருக்கு வாக்கு ஏது?

1911 ஏப்ரல் 2-ஆம் நாள் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கு, போருக்கு மூன்றாண்டு முன் யார் யார் எந்த வீட்டில் இருந்தனர் என்பதைக் காட்டுகிறது. பதக்க அட்டைகளில் பெயரும் எண்ணும் உண்டு, பெரும்பாலும் முகவரி இராது. இறந்த சிப்பாய்க்குச் சேர வேண்டிய பாக்கி ஊதியத்தை யாரிடம் கொடுத்தனர் என்று குறிக்கும் பதிவேடுகள் தாய், மனைவி, சகோதரி ஆகியோரின் பெயரைத் தருகின்றன. போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவில் சில வேளைகளில் ‘இன்னார் மகன், இந்தத் தெரு, இந்த ஊர்’ என்று இருக்கும். போருக்குப் பின் அனுப்பப்பட்ட சரிபார்ப்புப் படிவத்தைக் குடும்பம் நிரப்பி அனுப்பியிருந்தால் மட்டுமே அது இருக்கும். வீடு மாறியவர்கள், எழுதத் தெரியாதவர்கள், மனம் உடைந்தவர்கள் அனுப்பவில்லை. உள்ளூர் வார இதழ்களில் வந்த சிறு படங்களும் கடிதங்களும் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும்.

படை எண்ணில் ஒரு சிக்கல் உண்டு. 1917 தொடக்கத்தில் பிரதேசப் படையினருக்குப் புதிதாக ஆறிலக்க எண்கள் தரப்பட்டன. ஆகவே ஒரே ஆள் இரண்டு எண்களுடன் இரண்டு ஆட்களாகத் தோன்றுவான். ஒரே பெயர் கொண்ட தந்தை, மகன், சிற்றப்பா மூவரும் ஒரே தெருவில் வாழ்ந்த அயர்லாந்துக் குடும்பங்களிலோ இதற்கு நேர்மாறாக, மூவர் ஒருவராகக் கலந்துவிடுவர்.

பட்டியலுக்குப் பட்டியல் எண்ணிக்கை ஏன் வேறுபடுகிறது?

‘இந்தத் தெருவைச் சேர்ந்தவர்’ என்றால் யார் என்பதில் ஒருமித்த முடிவு இல்லாததே காரணம். தாய் அங்கே வாழ, மகன் மணமாகி அடுத்த தெருவுக்குப் போயிருந்தால் அவன் எந்தத் தெருவின் வீரன்? மூன்று மாதம் விடுதியில் தங்கிவிட்டு அங்கிருந்தே படையில் சேர்ந்தவன் எந்த ஊர்க்காரன்? அவனைத் தெரு சேர்த்துக்கொள்ளும், பிறந்த ஊரும் சேர்த்துக்கொள்ளும். தேவாலயம், பள்ளி, தொழிற்சாலை, சங்கம் எனத் தனித்தனியே பலகை வைத்ததால் ஒருவர் பெயர் நான்கு இடங்களில் இருப்பதும், கேட்டுச் சொல்ல ஆளில்லாத ஒருவர் பெயர் எங்குமே இல்லாமல் போவதும் உண்டு. போர் முடிந்து ஓரிரு ஆண்டு கழித்துக் காயத்தாலும் நச்சுப்புகையாலும் இறந்தவர்களைச் சில பட்டியல்கள் ஏற்றன, சில ஏற்கவில்லை. வேறுபாட்டைக் கண்டதும் யாரோ பொய் சொன்னார்கள் என்று முடிவு கட்டுவதைவிட, யார் எந்த அளவுகோலால் எண்ணினார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது.

போக மறுத்தவர்கள் யாராவது அத்தெருவில் இருந்தார்களா?

ஆவணம் கொண்டு விடை சொல்ல வழியில்லை. கட்டாயப் பணியிலிருந்து விலக்குக் கேட்டோரின் மனுக்களை விசாரித்த உள்ளூர்த் தீர்ப்பாயங்களின் தாள்களை, ஒருசில பகுதிகளைத் தவிர மற்ற இடங்களில் எல்லாம், போருக்குப் பின் அழித்துவிடுமாறு அரசே ஆணையிட்டது. நாடு முழுவதும் மனச்சான்றின் பேரில் மறுத்தவர்கள் 16,000-க்கும் மேற்பட்டோர்; முதிய தாயைக் காக்க வேண்டும், சிறுதொழிலை நடத்த வேண்டும் என்று கேட்டவர்களோ அதைவிடப் பன்மடங்கு மிகுதி.

வேறு தெருக்களிலும் இப்படி நினைவுச்சின்னங்கள் இருந்தனவா?

ஆம். கிழக்கு இலண்டனின் ஹாக்னிப் பகுதித் தெருக்களில் 1916-ஆம் ஆண்டிலேயே, போர் நடந்துகொண்டிருக்கும்போதே, மரச்சட்டமிட்ட சிறு பலகைகளில் வீரர் பெயர்களை எழுதி, பூங்கொத்து வைக்க ஒரு தட்டும் பொருத்திச் சுவரில் மாட்டினர். மேரி அரசியார் அவற்றை நேரில் பார்வையிட்டபின் வழக்கம் பிற நகரங்களுக்கும் பரவியது. இறந்தவர் பெயர் மட்டுமன்றி உயிருடன் போர்முனையில் இருப்பவர் பெயரும் அவற்றில் இருந்தது என்பது சிறப்பு. அது நினைவுச்சின்னம் என்பதைவிட வேண்டுதல் பலகை என்பதே பொருந்தும். மரமானதால் பெரும்பாலானவை மழையில் அழிந்தன.

சேப்பல் தெருவை இன்று காண முடியுமா?

அந்த 60 வீடுகள் இன்று இல்லை. பிற்காலத்தில் நெரிசல் குடியிருப்புகளை அகற்றும் பணியில் இடிக்கப்பட்டன. பெயரும் நினைவும் மட்டும் ஊரில் பேணப்படுகின்றன.

இந்தியச் சிப்பாய்களுக்கும் இவ்வாறு ஊர்வாரிப் பலகைகள் வைக்கப்பட்டனவா?

வைக்கப்பட்டன, ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ‘இவ்வூரிலிருந்து 1914–1919 பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர்நீத்தனர்’ என்று பொறித்த கற்கள் இந்தியாவின் பல சிற்றூர்களில் இன்றும் சுவர்களில் பதிந்துள்ளன. அவற்றில் இரண்டு எண்கள் இருக்கும், பெயர் இராது. ஈராக்கின் பாஸ்ரா நினைவுச்சின்னத்திலும் இதே நிலை: மெசபடோமியாவில் மாண்ட பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன; அதே போர்முனையில் மாண்ட இந்தியச் சிப்பாய்கள் ரெஜிமெண்ட் வாரியாக எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். செஷயர் எட்டாம் பட்டாலியனுடன் அதே டைகிரிஸ் ஆற்றங்கரையில் மதராஸ் சாப்பர்கள் என்னும் பொறியாளர் படையினரும் பணியாற்றினர் என்பதை நினைத்தால், சேப்பல் தெருவின் வறிய கூலியாளுக்குக் கிடைத்த பெயர்ப் பொறிப்புகூட இவர்களுக்கு மறுக்கப்பட்டது தெளிவாகும். போர்க்கல்லறை ஆணையமே 2021-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் இத்தகைய சமமற்ற நடத்தையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. பிரான்சின் நவ் ஷப்பெலில் 1927-இல் திறக்கப்பட்ட இந்தியர் நினைவுச்சின்னத்திலோ 4,700-க்கும் மேற்பட்ட பெயர்கள் முழுமையாகப் பொறிக்கப்பட்டுள்ளன.

என் ஊரிலிருந்து போருக்குச் சென்றவர்களைத் தேட விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

இறந்தவர் எனில், போர்க்கல்லறை ஆணையத்தின் இணையத் தரவுத்தளத்தில் தொடங்கலாம். கல்லில் பெயர் இல்லாதோருக்கும் அதில் பல வேளைகளில் பதிவு உண்டு. இந்தியச் சிப்பாய்களுக்குத் தந்தை பெயர், ஊர், வட்டம், மாவட்டம் ஆகியவை குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஆள் பெயரைக் கொண்டு தேடுவது வீண். தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் முனுசாமி ஒருவரே நான்கு வகையாக எழுதப்பட்டிருப்பார். அதற்குப் பதிலாக ரெஜிமெண்டைக் கொண்டு தேடி, பிறகு மாவட்டப் பெயரால் சலிப்பது நல்லது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்கள், 75, 79, 80, 88 ஆகிய எண்களைக் கொண்ட கர்நாடிக் காலாட்படைகள், 83-ஆம் வாலாஜாபாத் இலகு காலாட்படை ஆகியவற்றில் தமிழ் மாவட்டத்தார் மிகுதி. சேலம், வட ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி என்று அக்கால மாவட்டப் பெயரையே இட வேண்டும். இன்றைய புதிய மாவட்டங்களின் பெயரில் எதுவும் கிடைக்காது.

உயிருடன் திரும்பியவர் எனில் வேலை கடினம். வீட்டுப் பெட்டியில் வட்டமான பதக்கம் இருந்தால் அதன் தட்டையான முகத்தைப் பார்க்க வேண்டாம். விளிம்பைச் சற்றுச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவை அந்த மெல்லிய விளிம்பில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அவ்வெழுத்துகள் மங்கிவிடும் என்பதால், துடைப்பதற்கு முன் படம் எடுத்து வைப்பது நலம்.